கீற்றுமுகில் பெயர் பெற்ற வரலாறு

கணந்தோறும் உருமாறும் முகிலை வகுத்துப் பெயரிடல் அரிதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1802 ஆம் ஆண்டு, இலண்டனில் மருந்தாக்கத் தொழில் புரிந்த லூக் ஹவார்ட் என்பார் அதனைச் செய்து காட்டினார். திரள்முகில், படைமுகில் என்பவற்றோடு, வானின் மிகு உயரத்தில் மெல்லிழைகளாய்ப் பரந்து கிடப்பதையும் தனியினமாக்கி, மயிர்ச்சுருள் எனப் பொருள்படும் 'சிர்ரஸ்' என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். தமிழில் அது கீற்றுமுகில் எனப்படும். அவ்வாண்டிலேயே பிரான்சிய அறிஞர் லமார்க் தம் மொழியில் வகுத்த பெயர்கள் நிலைபெறவில்லை. இலத்தீனோ பன்னாட்டு அறிஞர்க்கும் பொதுமொழி.

பெயர் கிடைத்தது, ஆனால் அம்முகில் நீர்த்துளியா, பனிக்கட்டியா? ஞாயிற்றைச் சூழும் ஒளிவட்டம் பனிப்படிகங்களால் விளைவதென 17 ஆம் நூற்றாண்டிலேயே மரியோட் உய்த்துணர்ந்திருந்தார். எனினும் மேலே சென்று கண்டாரிலர். 1850 இல் பாரல், பிக்சியோ என்னும் இருவர் பாரிசிலிருந்து பலூனில் உயிரைப் பணயம் வைத்து ஏறினர். ஏறத்தாழ 7,000 மீற்றர் உயரத்தில், கடுங்குளிரிடையே, முகிலினுள் நுண்ணிய பனியூசிகளை நேரிற் கண்டனர்.

இன்றும் அடையாளம் எளிதே. பனிமுகில் மென்றிரையாய்ப் படர்ந்தால் ஞாயிற்றைச் சுற்றி 22 பாகை ஆரையுடைய வட்டம் தோன்றக்கூடும். நிலத்தில் நம் நிழலும் விழும். திரை தடித்து நிழல் மறையுமாயின், அது பெரும்பாலும் தாழ்ந்த வேறொரு முகிலே.