மூத்தவாப்பாவின் துவக்கும் பேக்கரின் ரைபிளும்



எங்கள் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது பரணில் ஒரு துவக்கு கிடந்தது. மூத்தவாப்பா வயல் காவலுக்கு வைத்திருந்தது. இரும்பெல்லாம் துரு. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால் அன்றே பொலிஸில் ஒப்படைத்தோம். பக்கத்தில் இருந்த தகரப் பெட்டி மட்டும் எங்களிடம் இருக்கிறது. அதற்குள் ஈயக் குண்டு வார்க்கும் அச்சும், மருந்து அளக்கும் சிறு குவளையும்.

பிள்ளைகள் "இது என்ன?" என்று கேட்டார்கள். அந்தக் காலத் துவக்குக்குக் கடையில் வாங்கும் தோட்டா இல்லை. மருந்தை அளந்து குழல் வாயில் கொட்டி, தும்பை அடைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, கடைசியில் கேப்பு வைக்க வேண்டும். இவ்வளவும் ஒரேயொரு வெடிக்கு. அடுத்த வெடிக்குத் தயாராகும் முன் பன்றி காட்டுக்குள் போய்விடும்.

அப்போதுதான் பேக்கரின் நினைவு வந்தது. ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள் பேக்கர் நீர்வீழ்ச்சியில் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேய வேட்டைக்காரர். 1840இல் பிரிஸ்டலின் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்த அவருடைய ரைபிளின் எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். அதுவும் கையால் மருந்து இடித்த துவக்குத்தான்.

இவ்வளவு மெதுவான துவக்குகளால் எத்தனை யானைகள் செத்திருக்கும்? எமர்சன் டெனன்ட் எழுதியபடி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. மேஜர் ரொஜர்ஸ் தனியொருவராக 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார்.

எப்படி முடிந்தது? மருந்து இடித்துத் தயாராக வைத்த துவக்குகளைச் சுமந்துகொண்டு உள்ளூர் ஆட்கள் துரைக்குப் பின்னால் நின்றார்கள். ஒன்று வெடித்ததும் அடுத்தது கைக்கு வரும். யானை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது. துவக்கு மெதுவானது என்பதால் கொலை குறையவில்லை. ஆசைக்கும் காசுக்கும் கடிவாளம் போடச் சட்டம் தேவைப்பட்டது. 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

மூத்தவாப்பாவின் துவக்கும் உயிரை எடுத்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காவல் காத்தது பிள்ளைகளின் சோற்றை. துரைமார் சுட்டது பொழுதுபோக்குக்கு. இன்றும் யானை வயலுக்குள் இறங்குகிறது, மனிதரும் சாகிறார்கள், யானையும் சாகிறது. மலைநாட்டில் அன்று காட்டை அழித்துத் தோட்டம் போட்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

அடுத்த முறை பிள்ளைகளை பேக்கர் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போகும்போது, பெயரோடு இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுப்போம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருந்தால், அதைப் பற்றித் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.