கொடுத்துப் பார்க்காத எடை

முதுமையில் தசை கரையும், பெண்களுக்கு அதோடு எலும்பும் கரையும், உடற்பயிற்சியால் பெரிதாக எதையும் மீட்க முடியாது என்ற எண்ணம் 1980கள் வரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. உடலைச் சோதித்துக் கண்ட முடிவல்ல அது. போதிய எடையைக் கொடுத்துப் பார்க்காததால் வந்த முடிவு என்றே நினைக்கிறேன். எடையைப் படிப்படியாகக் கூட்டினால் தசை வலுக்கும் என்பது இரண்டாம் உலகப் போரின்போதே தெரிந்திருந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களுக்கு அப்படிப் பயிற்சி கொடுத்து 1945இல் எழுதினார். முதியவர்கள் என்று வந்ததும் கை தயங்கியது. 1980இல் மொரிட்டானியும் டிவ்ரீஸும் முதிய ஆண்களுக்கு, ஒரே ஒருமுறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தார்கள். பலம் கூடியது, தசை பருக்கவில்லை. 1988இல் ஃப்ரான்டெராவின் குழு 60 முதல் 72 வயதுவரையுள்ள ஆண்களுக்கு 80 சதவீதம் கொடுத்தது. 12 வாரத்தில் தசை பருத்தது. இதற்கிடையே அளக்கும் முறையும் மேம்பட்டிருந்தது உண்மைதான். ஆனாலும் எடை கூடியதை ஒதுக்கிவிட்டு இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. இரண்டு ஆய்விலும் பெண்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெண்கள் வந்தது 1990இல். பாஸ்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் 86 முதல் 96 வயதுவரையுள்ள பத்துப் பேருக்கு மரியா ஃபியடரோன் அதே 80 சதவீதத்தைக் கொடுத்தார். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியது. பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்ற கேள்வி நியாயமானது. 1994இல் அவரே நூறு பேரை வைத்து ஆய்வை மீண்டும் நடத்தினார். சராசரி வயது 87, பெரும்பாலோர் பெண்கள். பலம் மறுபடியும் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. முதல் ஆய்வில் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலம் 32 சதவீதம் சரிந்ததே என்று கேட்கலாம். இருபது வயதுத் தசையும் சும்மா விட்டால் சரியத்தான் செய்யும்.

அதே 1994இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் நெல்சன், மாதவிடாய் நின்ற 39 பெண்களை ஓராண்டு கவனித்தார். வாரம் இரண்டு நாள் எடை தூக்கியவர்களுக்குத் தசையும் கூடியது, இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் ஏறியது. தூக்காதவர்களுக்கு இரண்டும் குறைந்தன. எடை மெஷினில் ஏறி நின்று பலனைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிபடாது. கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டாது.

தேய்ந்த எலும்பு முறிந்துவிடுமே என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலின்டா பெக்கின் குழு அதை நேராகவே சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. எலும்பு அடர்த்தி குறைந்த நூற்றுச் சொச்சம் பெண்களில் ஒரு பாதி எட்டு மாதம் கனமான எடை தூக்கினார்கள், மறுபாதி வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். முதல் குழுவுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றதற்கு 1.2 சதவீதம் குறைந்தது. பாதுகாப்பு என்று நாம் பரிந்துரைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். எடை தூக்கியவர்களில் ஒருவருக்கு கீழ்முதுகில் லேசான பிடிப்பு வந்தது, அவ்வளவுதான். ஆனால் பயிற்சி முழுவதும் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க நடந்தது. ஆகவே இந்த ஆய்வைக் காட்டி யாரும் வீட்டில் தனியாக இரும்பைத் தூக்கத் தொடங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.