வயதுக் கோடு – ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் வயது வரம்பு உருவான கதை

ஓட்டப் பந்தயத்திலோ நீச்சலிலோ வயது ஏற ஏற உடலின் வலிமையும் கூடுகிறது. அதனால் சிறுவர்களைப் பெரியவர்களோடு மோத விடாமல் தனிப் பிரிவில் போட்டியிட வைப்பது, சிறுவர்கள் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகவே. ஆனால் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே சிறுமிகள் பெரியவர்களை வென்றுவிடுகிறார்கள்! அதனால்தான் இந்த விளையாட்டில் மட்டும் குறைந்தபட்ச வயது எவ்வளவு என்பது ஐம்பது ஆண்டுகளாக ஓயாத சர்ச்சையாக இருந்து வருகிறது. அந்த வயதுக் கோடு எப்படி வந்தது, அதைத் தாண்டியவர்கள் யார், தண்டனை பெற்றவர்கள் யார் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கோடே இல்லாத காலம்

1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது வயது வரம்பு எதுவும் இல்லை. கிரேக்கத்தைச் சேர்ந்த டிமிட்ரியோஸ் லுந்த்ராஸ் என்ற 10 வயதுச் சிறுவன் இணைக்கம்பி அணிப் போட்டியில் கலந்துகொண்டு மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தான். 1928ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதில் வெள்ளி வென்ற இத்தாலிய அணியில் லூயிஜினா ஜவோத்தி என்ற 11 வயதுச் சிறுமி இடம்பெற்றிருந்தாள்.

ஆனாலும் அதன் பிறகு நீண்ட காலம் இது பெரியவர்களின் விளையாட்டாகவே இருந்தது. 1952 ஹெல்சிங்கியில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற மரியா கொரோகோவ்ஸ்கயாவுக்கு வயது 30. 18 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினா 1956ல் தன் முதல் ஒலிம்பிக்கில் ஆடியபோது 21 வயது. கடைசியாக 1964ல் ஆடியபோது 29 வயது.

மாற்றம் தொடங்கிய இடம்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 17 வயது ஓல்கா கோர்புட் உலகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அடுத்து 1976 ஜூலையில் மாண்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி வந்தார். அவருக்கு வயது 14. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றில் முதன்முறையாக முழு 10 மதிப்பெண் பெற்றார். மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டியது அனைவரும் அறிந்த கதை. அந்த ஒரே ஒலிம்பிக்கில் அவர் ஏழு முறை 10 மதிப்பெண் பெற்றார்.

சிறுமிகளுக்கு இது ஏன் எளிதாகிறது? காரணம் இயற்பியலில் இருக்கிறது. சிறிய உடல், ஒல்லியான இடுப்பு, குறைந்த எடை என்றால் காற்றில் வேகமாகச் சுழல முடியும். நடனக்காரர் கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டால் சுழற்சி வேகம் கூடுவது போலத்தான். பருவம் அடைந்த பின் உயரமும் எடையும் கூட, பழகிய சுழற்சிகளையே மீண்டும் கற்க வேண்டியிருக்கும். எனவே பயிற்சியாளர்கள் சின்ன வயதிலேயே தொடங்கி, உடல் மாறும் முன்பே பதக்கம் வாங்கிவிட நினைத்தார்கள்.

14, 15, 16

ஜிம்னாஸ்டிக்ஸை நிர்வகிக்கும் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு இதைக் கண்டு கவலைப்பட்டது. எழுபதுகளில் குறைந்தபட்ச வயது 14 ஆக இருந்தது. 1981 முதல் அது 15 ஆகவும், 1997 முதல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. வளரும் எலும்புகளில் ஏற்படும் காயங்கள், எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் பழக்கம் ஆகியவையே இதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்கள். அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்றிக் 1994ல் 22 வயதில் அனோரெக்ஸியா என்னும் உணவு மறுப்பு நோயால் இறந்தது உலகத்தையே அதிர வைத்தது. பழைய விதியின் கீழ் ஆடிய கடைசி ஒலிம்பிக் 1996 அட்லாண்டா. அதில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் டொமினிக் மொசியானுவுக்கு அப்போது வயது 14 தான்.

14 வயதுக்காரர் 15 வயது விதியின் கீழ் எப்படி ஆடினார் என்று கேட்கத் தோன்றும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த விதி போட்டி நடக்கும் நாளில் உள்ள வயதைப் பார்ப்பதில்லை. பிறந்த ஆண்டை மட்டுமே பார்க்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் வயது நிறைந்தால் போதும். மொசியானு அந்தச் செப்டம்பரில் 15ஐத் தொட இருந்தார். ஆக, ஜனவரி 1 அன்று பிறந்த குழந்தையும் டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தையும் விதியின் கண்ணில் ஒரே வயது. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 1997 மார்ச் 14ல் பிறந்தவர். இரண்டரை மாதம் முன்னால் பிறந்திருந்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடத் தகுதி பெற்றிருப்பார். அடுத்த ஆண்டே அவர் உலக சாம்பியன் ஆனார்!

சிறார் போட்டிகளில் வேறு முறைகளும் உண்டு. அமெரிக்காவில் முதலில் திறமையைப் பொறுத்து 1 முதல் 10 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு நிலையிலும் பதிவு செய்த குழந்தைகளின் பிறந்த தேதிகளை வரிசைப்படுத்தி, ஏறக்குறைய சமமான எண்ணிக்கையில் வயதுக் குழுக்களாக்குகிறார்கள். அங்கே கோடு போட்டிக்குப் போட்டி நகரும். ஒலிம்பிக்கிலோ கோடு ஓரிடத்தில் நிற்கும். நகராத கோட்டைத் தாண்ட நினைத்தவர்கள் பிறந்த தேதியை நகர்த்தினார்கள்.

காகிதத்தில் கூடிய வயது

ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ் 1985 உலகப் போட்டியில் பேலன்ஸ் பீம் பிரிவில் தங்கம் வென்றார். பதிவேட்டில் வயது 15. உண்மையான வயது 13. பல ஆண்டுகள் கழித்து 2002ல் அவரே இதைச் சொன்னார். அதிகாரிகள் புதிய பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, இனி உனக்கு 15 வயது என்று சொல்லிவிட்டார்களாம். அவளைக் கேட்டு யாரும் செய்யவில்லை.

வடகொரியாவின் கிம் குவாங் சுக் 1991ல் அன்ஈவன் பார்ஸ் எனப்படும் உயரம் மாறுபட்ட இரட்டைக் கம்பிப் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 15 வயது என்றே பதிவு செய்திருந்தார்கள்! இதற்காக வடகொரியா 1993 உலகப் போட்டியில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகும் பாடம் கற்கவில்லை. ஹோங் சு ஜோங் என்ற வீராங்கனைக்கு வெவ்வேறு போட்டிகளில் 1985, 1986, 1989 என மூன்று பிறந்த ஆண்டுகள் கொடுக்கப்பட்டிருந்தது 2010ல் வெளிவந்தது. மீண்டும் தடை. வடகொரிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணி 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஆட முடியவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்துப் பறிபோன பதக்கம்

மிகப் பெரிய வழக்கு சீனாவின் டோங் ஃபாங்சியாவுடையது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சீன அணியில் அவர் இருந்தார். அப்போது கொடுத்த பிறந்த ஆண்டு 1983. பின்னாளில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதிகாரியாகப் பணிபுரியப் பதிவு செய்தபோது பிறந்த ஆண்டு 1986 என்று இருந்தது. அப்படியானால் சிட்னியில் அவருக்கு வயது 14 மட்டுமே. விசாரணைக்குப் பின் அவருடைய முடிவுகள் ரத்து செய்யப்பட்டன. 2010 ஏப்ரலில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சீன அணியின் வெண்கலத்தைப் பறித்து, நான்காம் இடம் பெற்றிருந்த அமெரிக்க அணிக்கு வழங்கியது. டோங்கோடு ஆடிய மற்ற ஐந்து பேரும் பதக்கத்தை இழந்தார்கள். அமெரிக்கப் பெண்களோ பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அதைக் கழுத்தில் அணிந்தார்கள்.

அதே சீன அணியின் யாங் யுன், தனக்கும் சிட்னியில் 14 வயது என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். போதிய ஆதாரம் இல்லை என்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தனிப் பிரிவில் வென்ற வெண்கலம் அவரிடமே உள்ளது. சிலிவாஷ் வென்ற 1985 தங்கமும் அவர் பெயரில்தான் நீடிக்கிறது. தவறு ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இங்கே சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 13 வயதுக் குழந்தை பாஸ்போர்ட்டைத் திருத்துவதில்லை. அதைச் செய்பவர்கள் பெரியவர்கள். ஆனால் பதிவேட்டில் அடிக்கப்படுவது அந்தக் குழந்தையின் பெயர். நாடியாவின் பயிற்சியாளர் பேலா கரோலி இந்த விதியை யாராலும் காக்க முடியாது, நீக்கிவிடுங்கள் என்று 2008ல் வாதாடினார். விதி மீறப்படுகிறது என்பதற்காக விதியே வேண்டாம் என்பது சரியா? அப்படி நீக்கினால் 11, 12 வயதுக் குழந்தைகள் மீது அந்தச் சுமை வெளிப்படையாகவே ஏற்றப்படும்.

இன்றைய நிலை

2009 முதல் சர்வதேசப் போட்டிகளில் ஆட வயதை நிரூபிக்கும் உரிமம் கட்டாயம் ஆக்கப்பட்டது. சிறு வயதிலேயே பதிவு செய்யப்படுவதால் பின்னர் பிறந்த தேதியை மாற்றுவது கடினம். இளையோருக்கு என்று தனி மேடையும் வந்தது. 2019ல் ஹங்கேரியின் க்யோர் நகரில் முதல் ஜூனியர் உலகப் போட்டி நடந்தது. பெண்களில் 14, 15 வயதினரும் ஆண்களில் 15 முதல் 17 வயதினரும் ஆடினார்கள். அதில் ஒட்டுமொத்தப் பிரிவில் வென்ற ரஷ்யாவின் விக்டோரியா லிஸ்துனோவா 2005ல் பிறந்தவர். டோக்கியோ ஒலிம்பிக் திட்டமிட்டபடி 2020ல் நடந்திருந்தால் அவர் ஆடியிருக்க முடியாது. கொரோனாவால் போட்டி ஓராண்டு தள்ளிப்போனதால் 2005ல் பிறந்தவர்களுக்கும் வழி திறந்தது. அவர் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்.

பனிச்சறுக்கு நடனமும் இதே பாதையில் வந்தது. 2022ல் அதன் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17க்கு உயர்த்த முடிவு செய்தது.

மற்றொரு பக்கம், பெரியவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். 2006ல் முழு 10 மதிப்பெண் முறை கைவிடப்பட்டு, கடினமான சாகசங்களுக்குத் தனி மதிப்பெண் வழங்கப்பட்டது. வலிமைக்கு மதிப்புக் கூடியது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா 1992 முதல் எட்டு ஒலிம்பிக்குகளில் ஆடி, டோக்கியோவில் 46 வயதில் களம் இறங்கினார். 2024 பாரிஸில் ஒட்டுமொத்தப் பிரிவில் பதக்க மேடையில் நின்ற மூவரின் வயது 27, 25, 21. தங்கம் வென்ற பைல்ஸ், 1952க்குப் பின் இந்தப் பட்டத்தை வென்றவர்களில் மூத்தவர். அதே அமெரிக்க அணியில் 16 வயது ஹெஸ்லி ரிவேராவும் இருந்தார்.

இளமை மட்டுமே வெல்லும் என்று நம்பித்தான் அன்று குழந்தைகளின் பிறந்த தேதிகளைத் திருத்தினார்கள். 27 வயதிலும் வெல்லலாம் என்று அன்றே தெரிந்திருந்தால், சிலிவாஷும் டோங்கும் தங்கள் சொந்தப் பிறந்த நாளோடு இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம்.