பஞ்சும் சாவடியும்

மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலை அடுத்த ராஜபாளையத்தின் தொழில் வரலாறு, விஜயநகர ஆட்சிக்காலத்தையொட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறி, இன்றும் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசிவரும் ராஜுக்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. படைத்தொழிலிலிருந்து உழவுக்கு மாறிய இக்குடியினரின் பொது வாழ்வு சாவடிகளைச் சுற்றியே அமைந்தது. சாவடி என்பது ஒரு பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் கூடிப் பேசவும் விழா நடத்தவும் வைத்துக்கொண்ட பொது மண்டபம்.

இச்சமூகத்தில் 1894இல் பிறந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா, கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை உள்ளூரிலேயே நூலாக்கும் நோக்கத்துடன் 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரைத் தொழிலதிபர் என்று மட்டும் குறிப்பிடுவது போதாது. ஆலையை ஊரின் பொதுக்காரியமாகவே கருதிய மனப்போக்கில் சாவடி மரபின் சாயல் இருப்பதாகத் தோன்றுகிறது. பருத்தியைச் சார்ந்த தொழில் ஆலைக்குள் அடங்கிவிடவில்லை. அருகிலுள்ள சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யும் ஊராகப் பெயர் பெற்றது. ராமசாமி ராஜாவின் முயற்சி பஞ்சோடு நிற்காமல், 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனமும் உருவாயிற்று. 1962இல் அவர் மறைந்தார். அந்நிறுவனத்தின் துலுக்கப்பட்டி சிமெண்ட் ஆலையைச் சுற்றிய குடியிருப்பு அவர் பெயரால் ஆர்.ஆர். நகர் என்றே வழங்குகிறது.