உதைக்காத துப்பாக்கி

அடி அண்ணாமலையில எங்க வீட்டுக்கு எதிர் வீட்டுத் தாத்தா ரிட்டயர்டு போலீஸ். போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப திண்ணையில பேச்சு துப்பாக்கிப் பக்கம் போச்சு.

"டிரெய்னிங்ல பாயின்ட் 303 உதைச்ச உதையில தோள்பட்டை கன்னிப்போச்சு தம்பி. அடுத்த ரவுண்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டுதான் சுட்டேன். வாத்தியார் பயந்தாங்கொள்ளின்னு பேரு வச்சார். கடைசி வரைக்கும் அது போகல."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கல. கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். அதான் இந்தப் பதிவு. (வரலாறு பிடிக்காதவங்க அப்படியே அப்பீட் ஆகிக்கலாம் :-))

1767 செப்டம்பர்ல நம்ம திருவண்ணாமலைப் பக்கத்துலயே ஹைதர் அலி, நிஜாம் படைகளுக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்தோட கம்பெனிப் படைக்கும் சண்டை நடந்துச்சு. அன்னைக்கு மஸ்கெட்ல ஒவ்வொரு வேட்டுக்கும் சிப்பாயே கையால மருந்து கெட்டிக்கணும். காகிதத் தோட்டாவைப் பல்லால கடிச்சு, மருந்தையும் குண்டையும் குழல்ல இறக்கணும். உதைக்குப் பயந்து கொஞ்சம் மருந்தைக் கீழே சிந்திடுற பழக்கம் மஸ்கெட் காலத்துல இருந்துச்சு. உதை குறையும், ஆனா குண்டு வேகமில்லாம முன்னாடியே விழுந்துடும்.

உதையும் குறையணும், குறியும் தப்பக்கூடாது. என்ன வழி?

1871ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட மார்டினி-ஹென்றி ரைஃபிள் உதைக்குப் பேர் போனது. தோட்டாவுல 85 கிரெயின் மருந்து, 480 கிரெயின் குண்டு. குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கியில அது இன்னும் மோசமா உதைக்கும்னு, 70 கிரெயின் மருந்து, 410 கிரெயின் குண்டுன்னு தனித் தோட்டா போட்டாங்க. மருந்தோட குண்டையும் சேர்த்துக் குறைச்சதை கவனிங்க. கூட்டுல மிச்சமான இடத்தையும் சும்மா விடல, அடைச்சாங்க. காலி இடம் இருந்தா மருந்து முன்னும் பின்னும் உருளும். ஒவ்வொரு வேட்டும் ஒவ்வொரு மாதிரி எரியும், குண்டு மேலயும் கீழயும் போகும்.

அடுத்து 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல, பெரிய ரைஃபிளையே .22 தோட்டா சுடுற மாதிரி மாத்தி பயிற்சி கொடுத்தாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். .303 குண்டு 11.3 கிராம், விநாடிக்குச் சுமார் 740 மீட்டர். .22 குண்டு 2.6 கிராம், சுமார் 330 மீட்டர். எடையை வேகத்தால பெருக்கினா, பின்னது முன்னதுல பத்துல ஒரு பங்குதான்! காலேஜ் என்.சி.சி.யில நான் படுத்துக்கிட்டு ஜாலியா சுட்டதும் இந்த .22தான். வீராப்பு எல்லாம் ஒண்ணுமில்ல :-)

(இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல தோட்டா செய்யக் கிளம்பிடாதீங்க. லைசென்ஸ் இல்லாம செஞ்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மருந்துக் கணக்கு தப்பினா உயிருக்கே ஆபத்து.)

மறுநாள் தாத்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "உதைக்கு உடம்பு தானா சுருங்கும் தாத்தா, அது கோழைத்தனம் இல்ல. ராணுவமே அதுக்காகத் தோட்டாவை மாத்திச்சு, ஆளைத் திட்டிட்டு இருக்கல."

கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "இதை அந்த வாத்தியார்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம்"னார்.