எரியா, ஏரியா?

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கியபோது சீகன்பால்குவுக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஒன்பதே வருஷத்தில், 1715ல், புதிய ஏற்பாடு முழுசும் தமிழில் அச்சாகிவிட்டது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள்.

எழுத்தைச் சின்னதாக்கிவிடலாம். தமிழ் எழுத்தில் இன்னொரு வம்பு இருந்தது. தொல்காப்பியப்படி குறில் எகரத்துக்குப் புள்ளி வைக்கவேண்டும். வைத்தால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். விளைவு, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ‘எரியில் குதித்தான்’ என்றால் நெருப்பிலா, ஏரியிலா? ஆசாமி பிழைப்பானா என்பதை முன்பின் வரிகளை வைத்துத்தான் சொல்லமுடியும்! ஓலையோடு வளர்ந்தவருக்கு இது தானாக வரும். புதிதாகப் படிக்க வந்தவர் திண்டாடுவார். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்பது வழக்கு. கத்தோலிக்கரான அவருக்கும் தரங்கம்பாடி சபையாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் அச்சானது தரங்கம்பாடியில்தான்.

சரி, இதே வம்பு கம்ப்யூட்டருக்கும் வந்தது. ஒவ்வொரு வகை சிப்புக்கும் ஒரு தாய்மொழி உண்டு. 2020ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களை இன்டெல் சிப்பிலிருந்து ‘ஆர்ம்’ வகையைச் சேர்ந்த சொந்த சிப்புக்கு மாற்ற ஆரம்பித்தது. பழைய புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்ட ‘ரொசெட்டா 2’ என்று ஒரு ஏற்பாடு. கட்டளைக்குக் கட்டளை மாற்றி எழுதினால் போதாதா? போதாது.

ரைஸ் மில்லில் மூட்டையை லாரியில் ஏற்றிய பிறகுதான் கேட்டுக்குச் சீட்டு போகும். சிப்புக்குள் இப்போதெல்லாம் பல மூளைகள். இன்டெல்லில் ஒரு மூளை இப்படி வரிசையாக எழுதினால் மற்ற மூளைகளுக்கும் அதே வரிசையில்தான் தெரியும். ஆர்மில் வேகத்துக்காக முன்பின்னாகத் தெரியலாம். வரிசை வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும். பழைய புரோகிராம் கேட்கவில்லை. அதற்குத்தான் சும்மாவே கிடைத்துக்கொண்டிருந்ததே! விளைவு, வார்த்தைக்கு வார்த்தை சரியாக மொழிபெயர்த்தாலும் என்றைக்காவது சீட்டு முந்திக்கொண்டு போய், லாரி காலியாகக் கிளம்பிவிடும். எப்போதோ ஒரு தடவைதான் என்பதால் சோதனையில் அகப்படாது. உங்கள் பாங்க் கணக்கில் அகப்படலாம்.

வரிக்கு வரி ‘வரிசை தவறாதே’ என்று சேர்த்தால் வேகம் போய்விடும். ஆப்பிள் அதை சிப்பிலேயே செய்தது. மொழிபெயர்த்த புரோகிராம் ஓடும்போது மட்டும் அது இன்டெல்லின் வரிசையைக் கடைப்பிடிக்கும்.

ஓலை எழுதியவர் புள்ளி வைக்காததும், புரோகிராம் எழுதியவர் வரிசை கேட்காததும் தப்பில்லை. அவரவர் இடத்தில் அது சொல்லாமலே புரிந்தது. இடம் மாற்றுகிறவர்தான், எழுதாமல் விட்டதையும் தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டும்.