கட்டை ஜீப்பா, நெட்டை ஜீப்பா?

சிவகாசியில அச்சகம் வச்சிருக்கற நம்ம மாப்ளே, காலண்டர் சீசன் முடிஞ்சதும் ஜீப் வாங்கி லடாக் போகணும்ங்கறான். மூணு கதவா, அஞ்சு கதவான்னு ஒரு மாசமா ஒரே குழப்பம். கொஞ்சம் பழைய கதையைப் புரட்டுவோம்.

ரெண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்போட வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) 80 அங்குலம். வேவு பாக்கப் போற வண்டி. சட்டுனு திரும்பணும், மேடு ஏறி இறங்கும்போது அடிவயிறு தட்டக்கூடாது. அதுக்குக் கட்டைதான் சரி. 1948-ல வந்த லேண்ட்ரோவரும் அதே 80தான். ஆனா விவசாயி மூட்டை ஏத்தணுமே? 1954 வாக்கில 86, 107னு ரெண்டு அளவா பிரிஞ்சிடுச்சு.

1955-ல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பசங்க ஆறு பேரு லண்டன்ல இருந்து தரைவழியா சிங்கப்பூருக்குக் கிளம்பினாங்க. எடுத்துட்டுப் போனது கட்டை வண்டி, 86 அங்குலம். ஆனா கவனிங்க, ஆறு பேருக்கு ரெண்டு வண்டி!

நம்ம நாட்டுல கதையே வேற. ஜீப்புன்னா குடும்பமே ஏறணும். 1985-ல மாருதி ஜிப்சி வந்தப்ப, சுசுகிகிட்ட 2030 மிமீ கட்டையும் இருந்துச்சு, 2375 மிமீ நெட்டையும் இருந்துச்சு. இங்க வந்தது நெட்டை. 2023-ல ஜிம்னியும் அஞ்சு கதவோட, 2590 மிமீ வீல்பேஸ்லதான் வந்துச்சு.

மாப்ளே வீட்டுல அஞ்சு பேரு. அவங்கப்பாவுக்கும் லடாக் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கட்டை வண்டி வாங்கினா நாலு சீட்டுதான், அவரை வீட்டுல விட்டுட்டுத்தான் போகணும்.

"மாப்ளே, வண்டிய அளக்காத, மொதல்ல ஆளை எண்ணு"ன்னு சொல்லிட்டேன்.